முந்நூற்றுப் பத்து ரூபாய் மேரக்காய்

இரண்டாம் மணி அடித்தபோது
நான் இன்னும் டானிங்டன் வளைவில்தான் இருந்தேன்.
மூடுபனி கோபுரத்தைப் பாதி தந்துவிட்டு
மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது.

மாதன் வரவில்லை. அவன் வருவதில்லை.
போன வாரம் எத்தையம்மன் பண்டிகைக்கு
நான் அவனோடு போனேன்.
யார் யாருக்குப் பாக்கி என்று
நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

பெண்கள் பக்கம், நான்காம் பெஞ்சு.
ஸ்வெட்டர்களின் பூச்சி உருண்டை வாசனைக்கு நடுவே
செயலர் அறிவிப்பு வாசித்தார்:
வாலிபர் கூடுகை வெள்ளிக்கு மாற்றம்.
கல்லறைத் தோட்டத்து வேலியைக்
காட்டெருமை மறுபடி சாய்த்துவிட்டது,
நன்கொடை தர விரும்புவோர் நேரில் பார்க்கவும்.
எருமையையா, செயலரையா என்று யோசித்து
நான் மட்டும் சிரித்து
பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்தேன்.

பிரசங்கம் இருபத்தெட்டு நிமிடம்.
எதைப் பற்றி என்று கேட்காதீர்கள்.
ஜன்னல் கண்ணாடியில் ஒரு குளவி
ஏறியது, வழுக்கியது, ஏறியது.
ஆமென் சொல்லிக் கண் திறந்தால்
அங்கே இல்லை.

ஆராதனை முடிந்து ஏலம்.
முட்டை நான்கு, புதினாக் கட்டு,
யாரோ வீட்டில் சுட்ட வர்க்கி.
ஒரு முட்டைகோஸை எழுநூறுக்கு எடுத்தார் டாக்டர்.
கைதட்டினார்கள்.
கடைசியில் ஒரு மேரக்காய்.

டான்டீ லைனிலிருந்து இந்த வருடம்தான்
சபைக்கு வரத் தொடங்கிய பாக்கியசீலி வைத்தது.
சுருங்கின தோல்.
வாய்ப்பக்கம் விரல் நீளம் முளை.
"பத்து ரூபா. பத்து, ஒரு தரம்."
இருமல்.
ஒரு குழந்தை செருப்பைத் தரையில் தேய்த்தது.
"பத்து ரூபா..."
என் வாய் தானாக முந்நூறு என்றது.
பின்னாலிருந்து யாரோ வேடிக்கைக்கு ஐந்து கூட்ட,
எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

வெளியே வந்து பாக்கியசீலி நன்றி சொல்வாள் என்று
பெருந்தன்மையான ஒரு பதிலைத்
தயாராக வைத்திருந்தேன்.
அவள் சொன்னது:
"சமைச்சுடாதீங்க அக்கா.
கூடையில நல்ல காய் எட்டு இருந்துச்சு.
நடறதுக்குன்னுதான்
முளைச்சதாப் பாத்து எடுத்தேன்."

வீட்டில் மாதன் வேலியை வெட்டி முடித்து
கல் கட்டின் ஈரத்தில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தான்.
விலையைச் சொன்னேன்.
கத்தியைக் கீழே வைத்தான்.
காயை வாங்கி எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் ஆட்டி,
"உங்க கோயில்ல சில்லறை இல்லையா" என்றான்.

விறகு அடுக்க வைத்திருந்த இடத்தைத்தான் தோண்டினான்.
ஒரு பீங்கான் கைப்பிடி வந்தது,
பேட்டரி ஒன்று,
யாரோ எப்போதோ தொலைத்த கோலிக்குண்டு.
அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
நான் சாணியும் சாம்பலும் கலந்தேன்.
"முழுசா மூடாத. அழுகிடும்.
பாதி வெளிய இருக்கட்டும், சாய்ச்சு."
ஞாயிறு உடுப்பின் ஓரமெல்லாம் மண்.
பழைய கேபிள் ஒயரில்
இன்னும் வராத கொடிக்கு இப்போதே பந்தல் கட்டினான்.
"பாரு, ரெண்டு வருஷத்துல
பக்கத்து வீட்டுக் கூரை வரைக்கும் போய்டும்.
அப்புறம் பையில போட்டு வச்சு
வர்றவங்க போறவங்களக் கெஞ்சணும், எடுத்துக்கங்கன்னு."

ஆறு மணிக்கெல்லாம் இருட்டு.
அவரைக் குழம்பு, சோறு.
நாளைக்கு ஆஸ்பத்திரி சீருடை தேய்த்துக்கொண்டிருக்கையில்
மின்சாரம் போனது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்கு நோட்டைத் திறந்து
முந்நூற்றுப் பத்தைக் காணிக்கை என்று எழுதினேன்.
அடித்தேன்.
காய்கறி என்று எழுதினேன்.
அதையும் அடித்துவிட்டு, மூடி வைத்தேன்.

தை மாதம் எங்கள் பள்ளத்தில் மட்டும் பனி உறையும்.
படுக்கப் போனவன் எழுந்து
டார்ச்சோடு வெளியே போனான்.
கதவிடுக்கில் குளிர் வந்தது.
பின்பக்கம் ஏதோ பிளாஸ்டிக் இடிபடும் ஓசை,
அவன் யாரையோ திட்டும் குரல்.

திரும்பி வந்து
ஐஸாகிப்போன கைகளை
என் கழுத்தில் வைத்து,
"மூடிட்டேன்" என்றான்.

விடிந்து குளியலறைக்குப் போனேன்.
வாளியைக் காணோம்.